பிஸ்கட்டின் முகவலை

மூன்றாவது முறையாக என் குதிரை பிஸ்கட்டின் முகவலை வேலிக் கம்பத்தின் மேல் கிடந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. முதல் முறை, காற்றில் கழன்றிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் முறை, பிஸ்கட்டே எங்காவது உரசிக் கழற்றியிருப்பான் என்று அவனைத்தான் திட்டினேன். இந்த முறை வலை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. எந்தக் குதிரையும் துணி மடிக்காது.

பக்கத்தில் ஒரு கேரட் வேறு. தோல் சீவிய கேரட்! எங்கள் சாலையில் குதிரைக்குத் தோல் சீவிக் கொடுக்கக்கூடியவள் ஒருத்திதான். போன குளிர்காலத்தில் சிட்னியிலிருந்து வந்து எதிர் வீட்டை வாங்கிய ஃபெலிசிட்டி.

பிஸ்கட்டுக்கு ஒரு கண்தான். முகமெல்லாம் வெள்ளை, கண்ணைச் சுற்றி ரோஸ் நிறத் தோல். எங்கள் ஊர் வெயில் அந்தத் தோலைச் சும்மா விடாது. இரண்டு வருடம் முன்பு இடது கண்ணில் புற்று வந்து, கண்ணையே எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த வலது கண்ணை வெயிலும் ஈயும் அண்டாமல் காக்கத்தான் அந்த வலை. இங்கே டிசம்பர்தான் கோடை; யாருக்காவது வணக்கம் சொல்ல வாயைத் திறந்தால் இரண்டு ஈயை விழுங்கிவிட்டுத்தான் மூட வேண்டும். குதிரையின் கண்ணீர் என்றால் அவற்றுக்கு விருந்து.

அன்று அந்த ஒற்றைக் கண் வீங்கி மூடிக் கிடந்தது. மொய்த்த ஈ தாங்காமல் கம்பத்தில் தேய்த்திருக்கிறான். கால்நடை மருத்துவர் டெஸ்மண்ட் மதியமே வந்தார். புண் எங்கே என்று காட்டும் சாயத்தைக் கண்ணில் விட்டு, விளக்கடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"புண்ணு ஆழமா இருக்கு க்ளெனிஸ். பத்து நாள் விடாம மருந்து போடு. ஒரு ஈ உட்காரக் கூடாது. இந்தக் கண்ணும் போச்சுன்னா…"

"சொல்லாதீங்க."

"சொல்லலைன்னா சரியாயிடுமா? ரெண்டு கண்ணும் இல்லாதவனை இந்தப் பள்ளத்துல, ஓடைக்கரையில நீ வச்சுக்க முடியாதும்மா."

துப்பாக்கி என்ற வார்த்தையை அவர் எடுக்கவில்லை. குருட்டுக் குதிரைக்கு அதுதான் முடிவு என்று எனக்குப் புரிந்தது. நாற்பது வருடமாக லாடம் அடிப்பவள் நான்.

என் மேலும் தப்பு உண்டு. அக்டோபரில் ஃபெலிசிட்டி காரை நிறுத்தி, "பாவம், இப்படிக் கண்ணைக் கட்டி வச்சிருக்கீங்களே?" என்று கேட்டாள். அது வலை, உள்ளிருந்து எல்லாம் தெரியும் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். "கண்ணாமூச்சி ஆடறோம் அம்மணி" என்று நக்கலடித்துவிட்டுப் போனேன். என் வாய் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட்டுக்குப் புது வலை மாட்டி, இருட்டுக் கொட்டகையில் விட்டேன். பழைய வலையை என் தலையில் மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்தேன். குதிரையின் காதுக்கான பைகள் இரண்டும் என் தலைக்கு மேல் ஆடின. ஆடட்டும்.

ஃபெலிசிட்டி வீட்டு மரத்தளத்தில் விருந்து நடந்துகொண்டிருந்தது. ஆறு பேர், இறால், வெள்ளை ஒயின். ஆறு பேரும் ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"க்ளெனிஸ்? இது என்ன கோலம்?"

நான் ஒயின் பாட்டிலை எடுத்து, பின்பக்கப் பொடி எழுத்தைச் சத்தமாகப் படித்தேன். "பன்னிரண்டரை சதவீதம். கர்ப்பிணிகள் குடிக்க வேண்டாம்." பாட்டிலை வைத்தேன். "கண்ணைக் கட்டின பிறகும் எப்படிப் படிச்சேன்னு யாராவது கேளுங்களேன்."

நேராக ஃபெலிசிட்டியின் நாற்காலிக்கு எதிரே போய் நின்றேன்.

"ஃபெலிசிட்டி, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வை."

"எதுக்கு?"

"வைம்மா. ஒரு நிமிஷம். தலையை எவ்வளவு வேணா ஆட்டிக்கோ. கை மட்டும் வரக் கூடாது."

வைத்தாள். என் குரல் அப்படி இருந்திருக்க வேண்டும். இறால் தொட்ட உதட்டில் மூன்று ஈ, கண்ணோரத்தில் இரண்டு. தலையை உதறினாள், பறந்து, வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தன. கண்ணில் நீர் வந்ததும் இன்னும் நாலு வந்தன. அரை நிமிடம்கூட ஆகவில்லை, கைகளை உருவி முகத்தைத் துடைத்தாள்.

"உனக்குக் கை இருக்கு," என்றேன். "அவன்கிட்ட ஒரு வலைதான் இருந்துச்சு. அதையும் மூணு தடவை கழட்டிட்டே."

வலையைக் கழற்றி அவள் தலையில் மாட்டினேன். தோட்டத்தைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், அப்பால் என் காலி மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் தெரியுது," என்றாள் மெதுவாக. "அவன் இருட்டுல நிக்கறான்னு நினைச்சேன் க்ளெனிஸ். சத்தியமா."

"இன்னிக்கு நிஜமாவே இருட்டுலதான் நிக்கறான். இருக்கிற ஒரு கண்ணும் போயிடும் போலிருக்கு. போச்சுன்னா அவனே இல்லை."

அவள் அழுதாள். ஆனால் நான் விடவில்லை.

"நான் என்ன செய்யட்டும்?"

"செஞ்சதை எழுதி ஒரு பலகை வை. உன் வேலியில, ரோட்டைப் பார்த்து, உன் பேர் போட்டு."

"இதெல்லாம் ரொம்ப அதிகம்," என்றார் தொப்பிக்காரர் ஒருவர்.

"உங்களுக்கு ரெண்டு கண்ணு இருக்கு சார். இறாலைச் சாப்பிடுங்க."

மறுநாளே பலகை நின்றது. 'எதிரே உள்ள குதிரையின் கண் கட்டப்படவில்லை. அது ஈ வலை. தெரியாமல் கழற்றியவள் நான். தயவுசெய்து நீங்களும் கழற்றாதீர்கள். ஃபெலிசிட்டி.' போகிற வருகிற கார்களெல்லாம் நின்று படித்தன.

பதினோராம் நாள் டெஸ்மண்ட் மறுபடி விளக்கடித்துப் பார்த்தார். ஃபெலிசிட்டி கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. பிஸ்கட்டின் வலது பக்கம் நான் சத்தமில்லாமல் ஒரு கேரட்டை நீட்டினேன். தலையைத் திருப்பி, நேராக வந்து, கடித்துக்கொண்டான். அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"தப்பிச்சுட்டான்," என்றார் டெஸ்மண்ட். "கண்ணு நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நிக்கும். அது போகாது."

கேட்டருகே போனபோது ஃபெலிசிட்டி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்போ… பலகையை எடுத்துடட்டுமா?"

"புள்ளி போகட்டும்," என்றேன். "அன்னிக்கு எடுத்துடு."