சண்முகத்தாய் வீட்டு அடுக்குச் செம்பருத்தி

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கொப்பு தொங்குகிறது, நுனி இலைகள் கசக்கியெறிந்த காகிதமாகச் சுருண்டிருக்கின்றன, மொட்டுகள் விரியாமலே காம்போடு உதிர்கின்றன, பூரணம் தன் பக்கத்திலிருந்து எக்கி நின்று அதையே பார்க்கிறாள், பார்க்கவே கூடாதாம் அவள், அதற்காகத்தான் சண்முகத்தாய் ஒரு பிய்ந்த செருப்பை இவள் சன்னலைப் பார்க்கச் செடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், பங்குனியில் இதே கொப்பில் பதினோரு பூ, அடுக்கடுக்காக, அப்படி ஒரு சிவப்பு, யம்மா, என்ன பூ சம்முகம், கண்ணு பட்டுரும் போலுக்கே என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல் சொன்னவள் இவள்தான், சொன்ன எட்டாம் நாள் மொட்டு கொட்ட ஆரம்பித்தது, குழாயடியில் நாலு பேர் கேட்கச் சண்முகத்தாய் சொன்னாள், பிள்ளை இல்லாதவ பார்வைல்லா, வேற எப்படி இருக்கும். குடம் பாதி நிறையும்போதே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் பூரணம், அன்று அழுதாள், மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அடுப்படியில் உட்கார்ந்து நன்றாகவே அழுதாள்.

அழுகை ஒரு நாளோடு தீர்ந்தது, அதற்குப் பிறகு வந்தது வீம்பு. சண்முகத்தாய் மகள் பேச்சிக்கு இது ஏழாம் மாதம், வளைகாப்புக்குத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, இவள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள், அந்தப் பேச்சிக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது யார், அம்மைக்காரி சத்துணவுக்கூடத்து அடுப்பைப் பற்றவைக்க ஏழு மணிக்கே ஓடிவிடுவாள், ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு அந்தச் சின்னக் கழுதை இதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறது, பெரிம்மா இழுக்காத வலிக்கி என்கிறது, எண்ணெய் வழிகிற அந்தத் தலை இப்போதும் இவள் இரண்டு முழங்காலுக்கு நடுவில்தான் இருக்கிறது, அவள் கையில் வளையல் போடத் தன்னை விடமாட்டார்கள் என்றால், கண்ணா வேறொன்றா என்று தெரிந்துகொள்ளாமல் தானும் விடுவதில்லை என்று முடிவுகட்டினாள்.

மதிலுக்கு இந்தப் பக்கம் விழுந்த ஒரு நுனியைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள், அங்கே இருந்த பெண் அதிகாரி இலைக்கணுவை விரித்துக்காட்டி லென்ஸைக் கையில் கொடுத்தாள், பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தது, பார்த்தால் நகர்கிறது, இது மாவுப்பூச்சிம்மா, சாறை உறிஞ்சும், நுனி சுருண்டுரும், மொட்டு நிக்காது, செடியில எறும்பு ஏறுதா, ஏறுதும்மா, இது கழிக்கிறது இனிப்பா இருக்கும், அதுக்காக எறும்பே இதைக் காவல் காக்கும், கண்ணுல்லா பட்டுதுன்னு சொன்னாங்க, கண்ணுமில்ல காதுமில்ல, மழையில அடங்கிக் கிடக்கும், வெயில் ஏறினதும் பெருகிரும். பூரணத்துக்கு அந்தப் பெண்ணை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, எழுந்து கிளம்பியவள் ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தாள், எங்கருந்து வந்திருக்கும், காத்துல வரும், எறும்பு கொண்டுவரும், பெரும்பாலும் நாமளே கம்போட கொண்டுபோய் வச்சிருப்போம் என்றாள் அதிகாரி.

திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் வெயில் காய்கிறது, ஆனால் பூரணத்துக்கு மழை தூறுகிறது, முந்தின வருஷத்துத் திருக்கார்த்திகை, ஓலைக்கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள், அக்கா, அந்த அடுக்குச் செம்பருத்தியில எனக்கொரு கம்பு தாயேன் என்று சண்முகத்தாய் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மதிலோரம் நிற்கிறாள், மாவுக் கையோடேயே போய் ஒடித்தாள், கணுவில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, கைமாவுதான் என்று கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துவிட்டு நீட்டினாள், எல்லாம் இப்போது கண்முன்னே நடக்கிறது, இறங்கவேண்டிய ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தன் செடியின் தூரில் பட்டையை நகத்தால் நெம்பிப் பார்த்தாள், இருந்தது, எறும்பு வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தது, தினமும் டியூப் வைத்து அடிக்கிற தண்ணீரில் இவள் செடி தப்பித்திருக்கிறது, அவ்வளவுதான். காற்றில் வந்தது என்று சொன்னால் யார் கண்டார்கள், ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தாள், பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள், ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு பேச்சி கையைப் பிடிக்கவா இத்தனை பாடு.

இன்று வெள்ளிக்கிழமை, எக்கிப் பார்த்தது போதும் என்று வாளியில் சோப்புத் தண்ணீரும் கத்தரியும், வேப்பெண்ணெய் கலந்த ஸ்பிரேயருமாகத் தெருவைச் சுற்றிப் போய்ச் சண்முகத்தாய் வீட்டு வாசலில் நின்றாள், என்ன வேணும், செடிக்கு மருந்தடிக்கணும், ஒண்ணும் வேண்டாம், வேணும், என்று நேரே செடியடிக்குப் போய்விட்டாள், என் கண்ணு ஒண்ணும் பண்ணல சம்முகம், பூச்சி, இந்தா கணுவுல பாரு, ஆனா நான் தந்த கம்புலதான் வந்திருக்கு, என் செடியிலயும் கிடக்கு, நேத்துதான் பாத்தேன். சண்முகத்தாய் குனிந்து நெடுநேரம் பார்த்தாள், அப்ப நான் சொன்னது சரியாப் போச்சுல்லா, ஒங்க வீட்ல இருந்துதான வந்திருக்கு என்றாள், பூரணத்துக்குச் சுர்ரென்று ஏறியது, வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தது, போகவில்லை, சுருண்ட நுனிகளை ஒவ்வொன்றாக வெட்டிச் சோப்புத் தண்ணீரில் முக்கினாள், பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பெரிம்மா, மேக்கொப்பு ஒனக்கு எட்டாதே என்றாள், எட்டத்தான் இல்லை, சண்முகத்தாய் கையை உயர்த்திக் கொப்பை வளைத்துப் பிடித்தாள், இவள் இலைகளின் அடிப்பக்கம் நனைய நனைய மருந்தை அடிக்கிறாள், இரண்டு பேர் முழங்கையிலும் சொட்டுகிறது, எத்தனை தடவ அடிக்கணும், வாரத்துக்கு ஒருக்க, மூணு வாரம், அப்ப அடுத்த வெள்ளிக்கிழமையும், அடுத்த வெள்ளிக்கிழமையும்தான், அன்னைக்குத்தான வளைகாப்பு, தெரியும், நீ சொல்லலைன்னாலும் தெரியும்.

கொப்பை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள் சண்முகத்தாய், அப்ப காலைலயே வந்து அடிச்சிரு, அடிச்சிட்டு இங்கனயே இரு என்றாள். கையில வேப்பெண்ணெய் வாடை போவாதே என்றாள் பூரணம். போவாட்டி இருக்கட்டும், பேச்சிக்கு மொதல்ல வேப்பங்குச்சிக் காப்புதான போடணும், அத நீ போடு.