ஒலிபெருக்கியில் வந்த பெயர்

கொல்கத்தா புத்தகக் கண்காட்சித் தூசிக்கு ஒரு மயக்கம் உண்டு. ஊரே நடக்கிற நடையில் எழும்பி, சாயங்கால வெயிலில் மஞ்சளாக அந்தரத்தில் நிற்கும். அதற்குள்ளிருந்து முகங்கள் மெல்ல வரும், மெல்லக் கரைந்துபோகும். கடையில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்த எழுத்தாளர் மஞ்சுலிகாவுக்கு, தூரத்தில் வருகிற ஒவ்வொரு முகமும் அக்கா சுரமாவாகத் தெரிந்தது. கிட்டே வந்தால் வேறு யாரோ.

அக்கா பேசிப் பல வருஷமாயிற்று. தப்பு மஞ்சுலிகாவுடையதுதான். அக்காவின் முறிந்த கல்யாணத்தை நாவலாக்கினாள். ஊரை மாற்றினாள், தெருவை மாற்றினாள், சான்றிதழில் உள்ள பெயரையும் மாற்றினாள். வீட்டில் கூப்பிடும் ‘கேந்தி’யை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள், புத்தி கெட்டவள்! சான்றிதழ்ப் பெயர் எந்த அண்டை வீட்டுக்குத் தெரியும்? “அட, நம்ம கேந்தி கதை!” என்று பேட்டையே சிரித்தது.

இந்த முறை கண்காட்சி அழைப்பிதழில் அக்காவுக்கு “வா தீதி” என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தாள். பதில் இல்லை.

“மஞ்சுதி, வாசலையே முறைச்சுக்கிட்டிருந்தா எப்படி? ஆளுங்க நிக்கிறாங்க” என்றார் பதிப்பாளர் பிமலேந்து.

அப்போது ஒலிபெருக்கி, தொலைந்த பிள்ளைகளைத் தேடும் அதே தூக்கக் குரலில் சொன்னது: “புச்கி, எங்கிருந்தாலும் உடனே வரவும். வயது அறுபத்திரண்டு. கண்ணாடி போட்டிருப்பாள். நாவல் எழுதுவதாகச் சொல்லிக்கொள்வாள். சான்றிதழ்ப் பெயர் மஞ்சுலிகா சாந்த்ரா. அறிவிப்புக் கூடத்தில் அக்கா காத்திருக்கிறார்.”

‘பொடிசு’ என்று அர்த்தம் வரும் அந்த வீட்டுப் பெயரைக் கேட்டு வரிசை மொத்தமும் அவளைப் பார்த்தது. “புச்கியா?” என்று பிமலேந்து வாயைப் பொத்திக்கொண்டார். மானம் கப்பலேறிவிட்டது. அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பேனாவை மூடக்கூட மறந்து, அந்த மஞ்சள் தூசிக்குள் மிதப்பதுபோல ஓடினாள்.

கூடத்தில் சுரமா நாற்காலியில் சாய்ந்து மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது.

“வாடி புச்கி. ஊரே கேட்டுச்சா?”

“கேட்டுச்சு தீதி.”

“சிரிச்சாங்களா?”

“விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

“நல்லா வேணும். இப்ப கணக்குத் தீந்துச்சு.” மிச்ச வறுவலை நீட்டினாள். “தின்னு, ஆறிடும்.”

மஞ்சுலிகா வாங்கி ஒரு துண்டைக் கடித்தாள். பிறகு சுரமா வேறெங்கோ பார்த்தபடி சொன்னாள்:

“காணாமப்போன புள்ளைக்கு என்ன வயசுன்னு மைக்குக்காரன் கேட்டான். எட்டுன்னுட்டேன்டி. அப்புறம்தான் மாத்திச் சொன்னேன்.”

மஞ்சுலிகா அக்கா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.