வசந்தியின் இடது முன்கால்

எனக்குக் கோபம் வந்தால் ஏரிக்கு அந்தக் கரையில் இருப்பவர்களுக்கும் கேட்கும் என்று என் தம்பி சொல்வான். கேட்கட்டுமே. விடிந்ததிலிருந்து பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, முட்டியளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவள் நான். அவ்வளவு நேரமும் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் பறி தண்ணீரில் போய்விடும். கரையேறியதும் மொத்தத்தையும் சேர்த்துத்தானே பேச வேண்டும்?

அன்று கரையேறியபோது என்னிடம் மாட்டியவள் ஆர்த்தி.

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டி இருக்கிறது. சித்திரையில் தண்ணீர் உள்வாங்கியதும் தரை காய்ந்து, உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். அம்மன் திருவிழாவின் மூன்றாம் நாள் அந்தத் தரையில்தான் குதிரைப் பந்தயம். பெரிய பந்தயம் ஒன்றுமில்லை. சுற்று ஊர்களிலிருந்து நாலைந்து குதிரைகள் வரும். கொடி நட்ட இடம்வரை ஓடித் திரும்ப வேண்டும். ஜெயித்த குதிரைக்கு அம்மன் கழுத்து மாலை. இந்த வருடம் அதை நிறுத்தச் சொல்லி, சென்னையிலிருந்து எட்டுப் பேர் பேனரோடு முந்தின நாளே வந்து இறங்கிவிட்டார்கள். முன்னால் நின்ற பெண்தான் ஆர்த்தி. வெயிலில் முகம் சிவந்து, ஒரு துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

என் தம்பி மணிகண்டனும் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருந்தான். அவனுடைய குதிரை வசந்தி. எளாவூர், ஆரம்பாக்கம் பக்கம் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை ஏறி வருவது அவள் முதுகில்தான். நைனா போன பிறகு தம்பியை வளர்த்தது நான். அவன் வளர்த்தது வசந்தியை. அவளுக்குக் கொள்ளு வேகவைத்துவிட்டுத்தான் தனக்கு உலை வைப்பான். அப்படிப்பட்டவனைப் பார்த்து "கொடுமை" என்று பேனரில் எழுதிப் பிடித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

பறியை இறக்கி வைத்துவிட்டு நேராகப் போனேன்.

"ஏம்மா, பட்டணத்துல கோட்டு சூட்டு போட்டுக்கினு குதிரை ஓட்றாங்களே, அங்க போய்க் கேட்டியா? ஏழைங்க வூட்டுக் குதிரைதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"போன மாசம் அங்கதான்க்கா நின்னோம்" என்றாள் ஆர்த்தி. "கேட் பக்கத்துலகூட விடலை. இங்க திட்டினாலும் நிழல்ல உக்காரச் சொன்னாங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் உதடு லேசாகக் கோணியது. ஆனால் விட்டுவிடுவேனா?

"எங்க குதிரைக்கு எங்களுக்கு மேல உனக்கு அக்கறையா?"

"அக்கறை இல்லைன்னு சொல்லலைக்கா. மூணு வருஷம் முன்னாடி இதே தரையில ஒரு குதிரை கால் ஒடிஞ்சு விழுந்துச்சே, அதுக்கும் சோறு போட்டு வளர்த்தவங்க இருந்திருப்பாங்க இல்ல?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்தக் குதிரையை நானும் பார்த்தேன். மத்தியானம் விழுந்தது. எழுந்திருக்க எழுந்திருக்கப் பார்த்து, பொழுது சாயும்வரை உயிரோடு கிடந்தது. அதை வளர்த்தவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததை நான் யாரிடமும் பேசியதில்லை. பறியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

சாயங்காலம் போலீஸ்காரர்கள் வந்து இரண்டு பக்கமும் பேசினார்கள். சாட்டை கூடாது. காலையில் கால்நடை டாக்டர் வந்து பார்ப்பார், அவர் சரி என்று எழுதிக் கொடுத்த குதிரை மட்டும் ஓடலாம். திருவிழாவை நடத்தும் பச்சைமுத்து மாமா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஆர்த்தி கூட்டமும் மனசில்லாமல் ஒத்துக்கொண்டது.

காலை ஏழு மணிக்கே டாக்டர் வந்தார். ஐந்து குதிரைகள். ஒவ்வொன்றின் கண், வாய், குளம்பு எல்லாம் பார்த்தார், கால்களைத் தொட்டுப் பார்த்தார், பத்தடி நடத்திப் பார்த்தார். ஐந்துக்கும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். ஊரே விசிலடித்தது. பேனருக்கு எதிரே போய் நின்று இளவட்டங்கள் ஆடினார்கள். பச்சைமுத்து மாமா என் தம்பி தோளைத் தட்டி, "மணி, ஊரு மானமே உன் கையிலதான்டா கீது" என்றார்.

தம்பி சிரிக்கவில்லை. பயம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தயத்துக்கு முன்னால் வீட்டுப் பெண்கள் குதிரையின் முன்கால்களுக்கு மஞ்சள் பூச வேண்டும். அது எங்கள் வழக்கம். பத்து மணி வாக்கில் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வசந்தியிடம் உட்கார்ந்தேன். வலது காலுக்குப் பூசினேன். இடது காலுக்குப் பூசும்போது கை நின்றுவிட்டது.

முட்டிக்குக் கீழே, பின்பக்கம், நரம்பு ஓடும் இடத்தில் சூடு. மறுபடி வலது காலைத் தொட்டேன். சூடு இல்லை. இடது காலை அழுத்தினேன். வீக்கம் மெத்தென்று விரலுக்குக் கீழே நகர்ந்தது. வசந்தி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். குளம்புக்கு மேலே இருக்கும் மயிரை விலக்கிப் பார்த்தேன். உள்ளே கறுப்பாகக் கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தது.

பந்தயத் தரையோ வெள்ளை மண். இது ஏரிக்குள்ளே, நாங்கள் இறால் தடவும் இடத்தில் இருக்கிற கருஞ்சேறு. எங்கள் வீட்டில் யாருக்காவது கால் பிசகினால் அந்தச் சேற்றைத்தான் அள்ளிப் பத்துப் போடுவோம். ராத்திரி முழுக்க ஜில்லென்று வைத்திருக்கும். காலையில் கழுவினால் வீக்கம் அடங்கினாற்போல இருக்கும். வெயில் ஏறியதும் பழையபடி சுடும். தம்பி வசந்திக்குப் பத்துப் போட்டிருக்கிறான். டாக்டர் வருவதற்கு முன்னால் கழுவியிருக்கிறான். பாவம், அவர் தொட்டபோது கால் ஜில்லென்றுதான் இருந்திருக்கும்.

அடப்பாவி, என்ன வேலை செய்து வைத்திருக்கிறாய்!

தம்பியைத் தேடினால், அவனை மாலை போட்டு நடுவில் நிறுத்தி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போகக்கூட முடியவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது, வெட்கங்கெட்ட யோசனைதான். பேனர் பக்கம் போய் ஆர்த்தியை ஓரமாக இழுத்தேன்.

"கண்ணு, நீ போய்க் கத்தேன். பந்தயத்த நிறுத்துனு சண்ட போடு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னக்கா இது? நேத்து எங்களைத் துரத்தினீங்க!"

"நேத்து நேத்தோட போச்சு. இப்போ கத்து."

"டாக்டர் எழுதிக் குடுத்துட்டார். நாங்களும் ஒத்துக்கிட்டோம். இப்போ நான் வாயைத் தொறந்தா வீம்புன்னுதான் சொல்வாங்க, யாரும் நிறுத்த மாட்டாங்க. உங்க குதிரைக்கு ஏதாவது…?"

அவளிடம் அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் என் தம்பி ஏமாற்றினான் என்று ஆகிவிடுமே. அவர்கள் கையிலெல்லாம் செல்போன் வேறு. நாளைக்கு இந்தப் பக்கம் எந்த மாப்பிள்ளை வசந்தி மேல் ஏறுவான்?

அதற்குள் மேளம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஐந்து குதிரைகளும் வரிசையில் நின்றன. தம்பி வசந்தி மேல் இருந்தான். பச்சைமுத்து மாமா துண்டைத் தூக்கிக்கொண்டிருந்தார், அதை வீசினால் ஓட வேண்டும்.

அப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். ஓடிப் போய் வசந்தியின் கடிவாளத்தைப் பிடித்தேன்.

"எறங்குடா."

"அக்கா, வுடு" என்றான் தம்பி. குரலே இல்லை அவனுக்கு.

"எறங்குனு சொன்னேன்!"

பச்சைமுத்து மாமா துண்டோடு வந்தார். "ஹேமா, இன்னா இது கூத்து? டாக்டரே சரின்னுட்டாரு. அவருக்குத் தெரியாதது உனக்கு இன்னா தெரியும்?"

"சேத்துக்குள்ள கெடக்குறது இறாலா கல்லானு வெரலு வெச்சதும் சொல்றவ நானு. சுடுற காலு எது, சுடாத காலு எதுனு தெரியாதா? சேத்துப் பத்து போட்டுக் கழுவி வெச்சா டாக்டரு இன்னா பண்ணுவாரு? இந்தா, எல்லாரும் வாங்க. தொட்டுப் பாருங்க. கைய வெச்சுப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க, ஓடலாமா கூடாதானு!"

யாரும் கிட்டே வரவில்லை. பச்சைமுத்து மாமா மட்டும் குனிந்து வசந்தியின் இடது காலைத் தொட்டார். பிறகு வலது காலைத் தொட்டார். நிமிர்ந்தவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். தம்பி இறங்கி, கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அப்போது வரிசையில் கடைசியில் இருந்த எளாவூர் ரங்கனும் குதிரையிலிருந்து இறங்கினார். "என்னுதும் ரெண்டு நாளா இருமுதுப்பா" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "சொன்னா கோழைன்னுடுவீங்கன்னு இருந்துட்டேன்."

மீதி மூன்று குதிரைகள் ஓடின. அதை நிறுத்த ஆர்த்தியால் முடியவில்லை. அவள் முகம் அழுகிறாற்போல இருந்தது. ஒன்றும் விழவில்லை, அதுவரைக்கும் நிம்மதி. கிளம்பும்போது என்னிடம் வந்து, "இருந்தாலும் பந்தயமே வேணாம்னுதான்க்கா நான் சொல்வேன்" என்றாள். "சொல்லு, யார் வாணாம்னா" என்றேன். அவளோடு சண்டை போடும் தெம்பு எனக்கு அன்றைக்கு இல்லை. அவள் ஒரு கால்நடை டாக்டரின் நம்பரை எழுதிக் கொடுத்தாள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் நானும் தம்பியும் வசந்தியை மெதுவாக ஏரிக்கு நடத்திப் போய்த் தண்ணீரில் நிறுத்தினோம். அவள் தலையைக் குனிந்து நுகர்ந்து பார்த்துவிட்டு, சும்மா நின்றாள். தம்பி அவள் பக்கத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். அழுகையும் சிரிப்புமாக இருந்தான்.

"முந்தாநேத்தே வீங்கிடுச்சுக்கா. யாராவது நிறுத்திட மாட்டாங்களானு அம்மன வேண்டிக்கினே இருந்தேன்."

"வாய் இன்னா, கொழுக்கட்டையா வெச்சிருந்த? நீயே சொல்ல வேண்டியதுதான?"

"எப்டிக்கா சொல்றது? எதுர்ல பேனரு. பின்னால ஊரு. அந்தப் பொண்ணு வந்து எறங்குனு சொல்லியிருந்தா, வீம்புக்குனே ஓட்டியிருப்பேன்க்கா. இன்னேரம் இவ செத்திருப்பா."

நான்தானே அந்தப் பெண்ணைக் கத்தச் சொன்னேன்! அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். கை எனக்கே எரிந்தது.

"இன்னொண்ணு குடுக்கா" என்றான், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கொடுத்தேன்.