பழனாத்தாள் என்ன சொன்னாள்

காளிச்சாமியின் கண் மஞ்சளானது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தென்னந்தோப்பும் கொஞ்சம் கடலைக்காடும் வைத்திருக்கிற மனிதர். பொழுது சாய்ந்தும் கள்ளுக்கடைப் பக்கம் தலைகாட்டாத ஆம்பளையை அங்கே சீக்காளி என்றுதான் நினைப்பார்கள். தமிழ்நாட்டில் எழுபத்தி நாலில் கடைகளை மறுபடி மூடியதிலிருந்து எல்லை தாண்டி சைக்கிளில் வருகிற கூட்டம் வேறு. இதில் காளிச்சாமி குடிப்பது யார் கண்ணை உறுத்தப்போகிறது? சுகாதார நிலையத்து டாக்டர்தான் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஈரல் வீங்கிக் கிடக்கிறது, இப்படியே போனால் அடுத்த மழையைப் பார்க்கமாட்டார் என்றார். அவரையும் பெண்டாட்டி மயிலாத்தாளையும் நர்ஸ் அன்னமேரியிடம் அனுப்பிவிட்டார்.

அன்னமேரி சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் குடியைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள். அவள் திட்டவுமில்லை, சத்தியம் கேட்கவுமில்லை.

“ஒரேயடியா விட்டா உடம்பு தூக்கிப் போடும்ணே. கொஞ்சங்கொஞ்சமா குறைங்க. வெறும் வயித்துல தொடாதீங்க. கடை வழியா வீட்டுக்கு வராதீங்க, சுத்திப் போங்க. வாரா வாரம் வந்து என்கிட்ட முகத்தைக் காட்டிட்டுப் போங்க” என்றாள். அப்புறம் மயிலாத்தாள் பக்கம் திரும்பினாள். “குடிச்சிட்டு வந்தா அடிப்பாராக்கா?”

“இல்லீங்க சிஸ்டர். பேசிட்டிருப்பாருங்க.”

“யாருகிட்ட?”

“மாடு கன்னுகிட்டத்தானுங்க.”

அது பச்சைப் பொய். அவர் பேசியது பழனாத்தாளிடம். மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போன மகள், போகும்போது எட்டு வயது. புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து தெளிந்த வாயால் காளிச்சாமி அந்தப் பேரைச் சொன்னதில்லை. மயிலாத்தாள் சொன்னால் எழுந்து போய்விடுவார். சொந்தபந்தமும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் கள் உள்ளே போய்விட்டால் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “அம்முணி, எருமை அவுத்துக்கிச்சு பாரு, புடிச்சுக் கட்டு” என்பார். கொஞ்சம் நிறுத்துவார். அவள் ஏதோ பதில் சொன்ன மாதிரி விழுந்து விழுந்து சிரிப்பார். கதவுக்குப் பின்னால் நின்று மயிலாத்தாள் மூச்சுவிடாமல் கேட்பாள். அந்த வீட்டில் மகள் உயிரோடு இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். ஆனால் அவள் சொல்கிற பதில் அப்பனுக்குத்தான் கேட்கும், பெற்றவளுக்குக் கேட்காது. இந்த அநியாயத்தை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?

அன்னமேரி சொன்ன பேச்சைக் காளிச்சாமி கேட்டார், அதுவே அதிசயம்தான். வாய்க்கால் மேட்டு வழியாகச் சுற்றி வந்தார், நேரத்துக்குச் சாப்பிட்டார், அளவைக் குறைத்துக் குறைத்து ஆவணி பிறந்தபோது அறவே விட்டுவிட்டார். கண் தெளிந்தது. அன்னமேரிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “உனக்கென்ன புள்ள, குடுத்து வெச்சவ” என்று ஊர்ப் பெண்கள் மயிலாத்தாளிடம் சொன்னார்கள். அவளும் சிரித்து வைத்தாள். புருஷன் பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் அவள் காது வாசலுக்கே போனது. அவர் கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டு கம்மென்று இருப்பார். இவள் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். ஒன்றும் கேட்காது. மகள் இன்னொரு தடவை செத்துப்போன மாதிரி இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் தாங்க முடியாமல் போய்விட்டது. தோப்பில் கள்ளிறக்குகிறவனிடம் அவளே போய் ஒரு சொம்பு வாங்கி, முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். அவன் வாயைப் பிளந்து பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும். வெயில் இறங்கியதும் கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பை வைத்தாள்.

“ஏனுங்க, ஒரு வாய் குடிங்க.”

காளிச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? நான் சாவோணுமா?”

“இன்னைக்கு ஒருநாளுங்க. குடிச்சாத்தான் நீங்க அவகூடப் பேசறீங்க.”

“எவகூட?”

“பழனாத்தாகூட.”

எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். போகவில்லை. முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. “நானா? என்ன பேசுனேன்?”

அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. மூன்று வருஷமாகப் பேசியதில் ஒரு சொல்கூட இல்லை. போதை இறங்கும்போது அதுவும் சேர்ந்து போயிருக்கிறது. மயிலாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்றைக்காவது கேட்டுவிட வேண்டும் என்று நெஞ்சுக்குள் வைத்திருந்ததை அப்போது கேட்டாள்.

“அவ என்னங்க பதில் சொல்லுவா? நீங்க அப்பிடிச் சிரிப்பீங்களே!”

“தெரியிலியே புள்ள.” காளிச்சாமியின் கண் சொம்புக்குப் போய் அங்கேயே நின்றது. “குடிச்சாத் தெரியுமோ என்னமோ.”

கையை நீட்டினார். அவள் ஆசைப்பட்டதும் அதுதானே. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், இன்னும் கொஞ்ச நேரத்தில் மகள் வாசலுக்கு வந்துவிடுவாள். அவர் விரல் சொம்பில் பட்டது. மயிலாத்தாள் வெடுக்கென்று பிடுங்கி, எருக்குழியில் கொண்டுபோய் ஊற்றினாள். தேம்பிக்கொண்டே திரும்பி வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“நானே சொல்றனுங்க, கேளுங்க. எருமையைப் புடிச்சுக் கட்டும்பீங்க. அவ ‘சரிங்கப்பா’ன்னு ஓடியிருப்பா.”

காளிச்சாமி இல்லையென்று தலையை ஆட்டினார்.

“அவளா? சரிங்கப்பான்னு சொல்ற புள்ளையா அது?” என்றார். “‘உனக்குக் கையில்லியாப்பா, நீயே போய்க் கட்டு’ங்குவா. பழனாத்தா அப்பிடித்தான் சொல்லுவா.”

அச்சு அசல் அவள் பேச்சு. மயிலாத்தாள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே, “இன்னுஞ் சொல்லுங்க” என்றாள்.