வித்து அவிந்த வருஷம்

கூடப்பிறந்த மூத்தவனான காக்காவின் காலில் மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றும்போது அபுல் ஹஸனின் கண் அந்தப் பாதங்களை விட்டு அகலவில்லை. இரண்டு கிழமைச் செங்கமாரி உடம்பு முழுவதையும் மஞ்சளாக்கியிருந்தும் பாதம் மட்டும் அழகாகவே இருந்தது. வாப்பா மௌத்தான நாளிலிருந்து சேற்றில் நின்ற கால், ஒரு வெடிப்பு இல்லை. கல்முனைக் கடைத்தெருவில் நிழலில் இருந்து புடவை மடிக்கிற அவனுக்கோ குதியெல்லாம் பிளவு. இதிலும் காக்காதான் கொடுத்து வைத்தவன் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அவனுக்கு வெட்கமாகிவிட்டது. மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டே மையத்தின் மீது பொறாமைப்படுகிறவன் இந்தக் கடற்கரை முழுவதிலும் தான் ஒருவனாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

"போதும் தம்பி. இனிக் கற்பூரத் தண்ணி" என்றார் பள்ளிவாசல் லெவ்வை.

காக்கா சரீபுக்கு இருபத்து மூன்று வயது. உத்தியோகம் இல்லை, கலியாணம் ஆகவில்லை, வாப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரைச் செய்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். ஆனாலும் மறைப்புக்கு அப்பால் வளவு நிறைய ஆட்கள். பெரியநீலாவணையிலிருந்து மீன்காரர்கள் வந்திருந்தார்கள். பாண்டிருப்பு நல்லரெத்தினம் அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சேறு காயாத காலோடு வேலியோரம் நின்றார். வாய்க்கால் தண்ணீருக்காகக் காக்காவோடு ஒரு போகம் முழுக்கக் கதைக்காமல் இருந்த மனிதர் அவர். அவரும் அழுதார். நான் மௌத்தாகியிருந்தால் இதில் பாதிச் சனமாவது வந்திருக்குமா என்று அபுல் ஹஸன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். பாதி வராது. கால்வாசி வந்தாலும் அது உம்மாவின் முகத்துக்காகத்தான் வரும்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு பச்சைத் துணியை முழங்கைக்கு மேலே கட்டிய மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். முன்னால் ஆசிரியர் கபூர் சேர். அவருக்குப் பின்னால் வந்த பொடியன் ஒரு மண்வெட்டியைத் தோளில் வைக்காமல் இரண்டு கையிலும் ஏந்தி வந்தான். அதைக் கண்டதும் அபுல் ஹஸன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐந்து வருஷமாக அந்த மண்வெட்டி இருக்கிற பள்ளிக்கூடத்துப் பக்கமே அவன் தலைவைத்தும் படுத்ததில்லை.

அது இளம் விவசாயிகள் கழகத்தின் மண்வெட்டி. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வயலையெல்லாம் வழித்துக்கொண்டு போனபோது விதைநெல்லுக்கு ஊரே திண்டாடியது. அந்த நேரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதினொரு பேர் வீடுவீடாகப் போய் ஆளுக்கொரு கை நெல் வாங்கிவந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த பள்ளக்காணியில் விதைத்தார்கள். கழகம் அப்படித்தான் தொடங்கியது. கபூர் சேர் அந்தப் பதினொரு பேரில் ஒருவர். அன்று விளைந்த நெல்லின் வித்துத்தான் வருஷா வருஷம் அந்தக் காணியில் விழுந்தது. வெட்டு முடிந்ததும் ஒவ்வொருவனும் ஒரு கை நெல்லைத் துணியில் முடிந்து வீட்டு முகட்டில் தொங்கவிடுவான். மாரி விதைப்புக்கு அதைத் திருப்பிக் கொண்டுவருவான். எழுபத்தெட்டுச் சூறாவளி பள்ளிக்கூடத்துக் கூரையைக் கொண்டுபோயிற்று, வேளாண்மையில் பாதியையும் கொண்டுபோயிற்று. வித்து மட்டும் தப்பிவிட்டது.

கழகத்துக்குத் தலைவனைத் தெரிவு செய்வதும் அந்த நெல்லால்தான். நிற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு சுளகு வைப்பார்கள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கை நெல்லைப் பிடித்தவனின் சுளகில் போடுவார்கள். எந்தச் சுளகில் குவியல் பெரிதோ அவன் தலைவன். பிறகு எல்லா நெல்லையும் ஒன்றாகக் கலந்து அவனிடம் கொடுப்பார்கள். அவன் அதை வீட்டில் ஊறப்போட்டு, முளைகட்டி, தன் தலையில் சுமந்து வந்து விதைக்க வேண்டும். வருஷ முடிவில் மண்வெட்டிக் காம்பில் அவன் பெயரைச் சூட்டுக் கம்பியால் எழுதுவார்கள். அவன் என்றைக்காவது மௌத்தானால் அந்த மண்வெட்டி அவனுடைய கபுறுக்கு மண்தள்ள வரும்.

சூறாவளிக்கு மறுவருஷம் இரண்டு சுளகு வைத்தார்கள். ஒன்று சரீபுக்கு, மற்றது அபுல் ஹஸனுக்கு.

அபுல் ஹஸன் ஒரு மாதமாக ஒவ்வொருவனையும் பிடித்துக் கதைத்து, தன் சைக்கிளை ஓடக் கொடுத்து, வாக்கு வாங்கி வைத்திருந்தான். சரீப் ஒருவனிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவன் சுளகில் நெல் குவிந்தது. கேட்டவன் சுளகில் அடி தெரிந்தது. தோற்றதைக்கூட அவன் பொறுத்திருப்பான். கடைசியாக எழுந்து வந்த சரீப், தன் கை நெல்லைத் தம்பியின் சுளகில் போட்டுவிட்டுச் சிரித்தான். பொடியன்களெல்லாம் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டும் காக்காவுக்குத்தான் போயிற்று. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் வீட்டில் இரண்டு பானையில் நெல் ஊறிக்கொண்டிருந்தது. ஒன்று கழகத்து வித்து. மற்றது புழுங்கலுக்கு அவிப்பதற்காக உம்மா ஊறப்போட்டது. ஊறின நெல்லில் எது வித்து, எது சோற்றுக்கு என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சரீப் காணியில் வரம்பு கட்டப் போயிருந்தான். உம்மா அடுப்பை மூட்டிவிட்டு, கையில் ஒரு பானையோடு திரும்பினாள்.

"தம்பி, இதுதானே அவிக்கிற நெல்லு?" என்று கேட்டாள்.

அபுல் ஹஸன் பானையைப் பார்த்தான். காலையில் காக்கா வித்துக்கு அடையாளமாக அதன் கழுத்தில் கட்டிவைத்த தென்னோலைக் கீற்று அவிழ்ந்து நிலத்தில் கிடந்தது. அதையும் பார்த்தான்.

"ஓம்" என்றான்.

சரீப் வந்து சேர்ந்தபோது நெல் வாய்பிளந்து வெந்திருந்தது. உம்மா தலையில் அடித்துக்கொண்டு, தம்பிதான் ஓம் என்றான் என்றாள். எனக்குத் தெரியாது என்று அபுல் ஹஸன் சொன்னான். சரீப் நிலத்தில் கிடந்த ஓலைக்கீற்றை எடுத்து விரலில் சுற்றினான், அவிழ்த்தான், திரும்பவும் சுற்றினான். தம்பியின் முகத்தை ஒரு தரம் பார்த்தான். பிறகு உம்மாவிடம், இதை ஒருத்தரிடமும் சொல்ல வேண்டாம், வித்தை நானே வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றான். அப்படியே சொன்னான். இருபத்தொரு வருஷத்து வித்து அந்த அடுப்போடு முடிந்தது. அந்த வருஷம் கழகம் வேறெங்கோ நெல் வாங்கி விதைத்தது. அவித்த நெல்லை உம்மா காயவைத்துக் குற்றினாள். அந்தச் சோற்றைச் சரீப் ஒரு பருக்கை விடாமல் தின்றான். அபுல் ஹஸனுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் கழகத்துக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டான். ஆனாலும் ஒரு நினைப்பு மட்டும் அவனை விடவில்லை. வித்துச் செத்தால் என்ன, அந்தக் காம்பில் காக்காவின் பெயர் ஏறியிருக்கும். கடையில் புடவை மடிக்கும்போதும், காக்காவோடு ஒரே சகன் தட்டில் இருந்து தின்னும்போதும் அந்தப் பெயர் அவன் கண்ணுக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

இன்றைக்குச் சுபஹுத் தொழுகைக்கு முன், இருட்டோடு சரீபுக்கு மூச்சு முட்டியது. உம்மா யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். சரீப் கையை நீட்டி அபுல் ஹஸனின் விரலைப் பிடித்தான்.

"தம்பி, நான் உனக்கு என்னமும் செஞ்சிருந்தா பொருந்திக்க."

இவனல்லவா மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்? ஐந்து வருஷமாகக் கேட்க நினைத்து, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவைத்த வார்த்தை. அதிலும் காக்கா முந்திக்கொண்டான். இப்போதாவது சொல், சொல் என்று நெஞ்சு இடித்தது.

"ஓம் காக்கா" என்றான்.

அவ்வளவுதான். பிடித்திருந்த விரல் கொஞ்ச நேரத்தில் தானாகவே கழன்றது.

அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் மையத்துச் சந்தூக்கை இறக்கி வைத்தார்கள். தொழுகைக்கு முன் மையத்துக்காகப் பொருத்தம் கேட்பது நெருங்கின உறவுக்காரனின் கடமை. லெவ்வை அவன் முதுகில் மெல்லத் தட்டினார். அபுல் ஹஸன் முன்னால் வந்து நின்றான்.

"எங்கட காக்கா ஒங்க யாருக்கும் ஒரு குறை வெச்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க."

பொருந்திவிட்டோம் என்று சனம் ஒரே குரலில் சொன்னது. நல்லரெத்தினமும் வெளிவாசலில் நின்றபடி தலையை ஆட்டினார். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு கபூர் சேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"கழகத்துச் சார்புல நானும் ஒண்டு சொல்லணும். அந்த வித்து விசயத்தையும் நாங்க எல்லாரும் முழு மனசாப் பொருந்திட்டம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். பச்சைத் துணி கட்டின பொடியன்களும் தலை குனிந்தார்கள். செய்யாத ஒன்றுக்காகக் காக்காவை ஊர் மன்னித்துக்கொண்டிருந்தது, செய்தவன் காக்காவுக்காகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். அபுல் ஹஸனின் வாய் திறந்தது. அதற்குள் லெவ்வை தொழுகைக்கு வரிசை கட்டச் சொல்லிவிட்டார்.

மையவாடியில் பலகை அடுக்கி முடிந்ததும், எல்லாரும் மும்மூன்று பிடி மண் போட்டார்கள். பிறகு அந்தப் பொடியன் மண்வெட்டியை அவனிடம் நீட்டினான். முதல் மண்ணை உடன்பிறந்தவன்தான் தள்ள வேண்டுமாம், அதுவும் கழகத்து முறையாம். மறுக்க முடியவில்லை, வாங்கினான். காம்பைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தான். கண் கேட்கவில்லை.

அடியிலிருந்து மேலே பெயர்கள் ஏறிப்போயின. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, வருஷமும் பெயருமாக, சில எழுத்துக் கோணலாக, சில கை பட்டு மங்கலாக. எழுபத்தேழு. எழுபத்தெட்டு. அதற்கு மேலே மூன்று விரல் அகலத்துக்கு வெறும் மரம். அதற்கும் மேலே எண்பது.

அவன் விரலால் தடவிப் பார்த்தான். அழித்த தடம் இல்லை, சுரண்டின தடம் இல்லை. ஒருபோதும் எழுதவேயில்லை. ஐந்து வருஷம் அவன் எதை நினைத்து வயிறெரிந்தானோ அது அங்கே இல்லை.

"இதுல காக்காட பேர் எங்க சேர்?"

கபூர் சேர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "அவன்தான் வேணாமெண்டான். வித்தைக் கொன்னவன்ட பேர் வித்தைக் காத்தவங்கட பேரோட இரிக்கப்படாதெண்டு சொல்லிட்டான். நாங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்தம்."

அபுல் ஹஸன் மண்ணைத் தள்ளத் தொடங்கினான். ஒரு தரம், இரண்டு தரம் என்றில்லை. யாரோ வந்து கை மாற்றக் கேட்டபோதும் கொடுக்கவில்லை. கபுறு மேடாகி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கட்டை நட்டு, தண்ணீர் தெளித்து முடியும்வரை அவனே தள்ளினான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. சனம் கலையத் தொடங்கியதும் கபூர் சேர் மண்வெட்டிக்காகக் கையை நீட்டினார்.

"சேர், வித்தை வெயில்ல வெச்சுக் கெடுத்தது காக்கா இல்ல. உம்மா தெரியாம அவிச்சா. அவிக்கிற நெல்லு இதா எண்டு எங்கிட்டத்தான் கேட்டா. நான் ஓம் எண்டன்." அவன் நிறுத்தினான். அந்த அளவோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு தவறு என்று போயிருக்கும். "எனக்கு நல்லாத் தெரியும் சேர். தெரிஞ்சுதான் சொன்னன்."

கபூர் சேரின் கை நீட்டியபடியே நின்றது. பச்சைத் துணி கட்டின பொடியன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர் முகத்தில் கோபம் வந்து போனதை அபுல் ஹஸன் கண்டான். பதினொரு பேர் வீடுவீடாகப் போய் வாங்கின நெல், அவரும் அலைந்து வாங்கின நெல். அவர் நீட்டின கையை மடக்கிக்கொண்டார்.

"இண்டைக்கு இது ஒங்கட ஊட்டுல இரிக்கட்டும். நாளைக்குக் கொண்டு வா" என்றார். அவன் தோளைத் தொடாமல், திரும்பிப் பாராமல் நடந்தார். பொடியன்கள் அவர் பின்னால் போனார்கள்.

மஃரிபுக்கு முன் வீட்டில் பெண்கள் குறைந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாத்தும்மா கொண்டுவந்து வைத்த சோறு மூடியபடியே இருந்தது. அபுல் ஹஸன் அடுப்படிக்குப் போய், சாம்பலைத் தள்ளி, கொள்ளி வைத்து ஊதினான். கோழிக்கூட்டிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை உருவி வந்து நெருப்புக்குள் சொருகினான்.

புகையைக் கண்டு உம்மா வந்தாள். அவளுடைய கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"மையத்து ஊட்டுல மூணு நாளைக்கி அடுப்பு மூட்டுறல்ல மனே."

"சமைக்கல்ல உம்மா."

அவள் மண்வெட்டியைப் பார்த்தாள். காம்பில் கிடந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்தக் காம்பில் தலைவன்மாரின் பெயர் ஏறும் என்று தெரியும். அந்த அடுப்பில் எது வெந்தது என்பதும், அன்றைக்கு யாரிடம் கேட்டாள் என்பதும் அவளுக்கு மறக்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, முக்காட்டை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, அடுப்புக்கு எதிரே குந்தினாள். கம்பி சிவந்தது. முதல் எழுத்துப் பதியும்போது மரம் பொசுங்கும் மணம் எழுந்தது. எழுத்துக் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"எத்தின எழுத்து?" என்று உம்மா கேட்டாள்.

"மூணு."

அவள் கொள்ளியை உள்ளே தள்ளி, அடுத்த எழுத்துக்காக நெருப்பை ஊதினாள்.