மஞ்சளும் சிவப்பும் தெரியாத தட்டு

மலாயாவின் ஈப்போ நகரில் நைனா முகம்மது நடத்திய படக்கடையின் இருட்டறையில் சீனிக்கு ஆறு வருஷ வேலை. அதற்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவன். கங்காணியின் பிரம்படி பொறுக்காமல் ஒரு மழைநாளில் கூலிக் குடியிருப்பான லயத்தை விட்டு ஓடிவந்தவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில், மாசி மாதம் ஒரு நாள், கோப்பெங் பக்கத்துத் தோட்டமொன்றில் துரையின் புதுப் பங்களாவைப் படமெடுக்க நைனா முகம்மது போயிருந்தார். வேலை முடிந்து பெட்டியைக் கட்டும்போது லயத்துப் பெண் ஒருத்தி வழிமறித்தாள். வீரம்மா என்று பெயர். அவள் புருஷன் உடையப்பன் முதல் நாள் சாயங்காலம் இறந்திருந்தான். காய்ச்சலோடு நடந்தவன் வாய்க்காலில் விழுந்து செத்தான் என்று தோட்டத்து டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். முசிறியில் இருக்கும் அவன் தாய்க்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று கேட்டாள். நைனா முகம்மது இரக்கப்பட்டு, குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த உடலை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லி, மீதமிருந்த ஒரே கண்ணாடித் தட்டில் எடுத்தார்.

மறுநாள் காலையில் சீனி அதைக் கழுவினான். ஈப்போ வெக்கையில் மருந்து சூடேறினால் தட்டின் மேலிருக்கும் பசை இளகி வழிந்துவிடும். அதனால் ஐஸ் தூள் நிரப்பிய தொட்டிக்குள் மருந்துத் தட்டத்தை வைத்துத்தான் வேலை செய்வான். சிவப்பு விளக்கின் அடியில் ஒளி பட்ட வெள்ளி உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. ஒளி படாததை ஹைப்போ என்ற மருந்து கரைத்தெடுத்தது. தட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது உடையப்பனின் மார்பிலும் இடது கையிலும் கோடு கோடாக இருந்தது.

மருந்தைச் சீராக ஊற்றவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் மருந்துக் கறை என்றால் உடம்போடு நிற்காது. பக்கத்துப் பாயிலும் ஓடியிருக்கும். இவை தோலின் விளிம்போடு நின்றன. கையின் வளைவோடு வளைந்தன. காகிதத்தில் அச்செடுத்ததும் ஒவ்வொரு கோடும் இரட்டையாகத் தெரிந்தது. நடுவில் வெளுப்பு, இரு ஓரமும் கறுப்பு. பிரம்பு விழுந்த இடம் அப்படித்தான் கன்றும். சீனியின் தொடையில் அது எத்தனையோ நாள் இருந்திருக்கிறது.

நைனா முகம்மது அச்சைப் பார்த்ததும் கடைக் கதவைச் சாத்தினார். தட்டில் அந்தக் கோடுகளைப் பென்சிலால் நிரப்பிவிட்டால் அச்சில் மறைந்துவிடும், அப்படியே அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடு என்றார். தோட்டங்கள் படமெடுக்கக் கூப்பிடவில்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான் என்றும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது சீனியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சீனி பென்சிலைச் சீவினான். ஆனால் வைக்கக் கை வரவில்லை. அப்படி உட்கார்ந்திருந்தபோதே படத்தை வாங்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வீரம்மா வந்துவிட்டாள். அச்சு மேசைமேல் கிடந்தது.

"இது என்னண்ணே, மாருல?"

மறைக்க நேரமில்லை. பிரம்படி என்று சீனி சொன்னான்.

அவள் அச்சை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு, "நான்தானே குளிப்பாட்டுனேன். இந்தக் கையாலதான் மஞ்சத் தேச்சேன். ஒண்ணும் தெரியலையே அண்ணே" என்றாள்.

மனுஷக் கண்ணுக்கும் இந்தத் தட்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அவன் விளக்கினான். நீல வெளிச்சம்தான் இதற்கு வெளிச்சம். மஞ்சளும் சிவப்பும் இதற்கு இருட்டு. கறுத்த தோலுக்கு அடியில் கட்டிய ரத்தம் நம் கண்ணுக்குப் பிடிபடாது; இதில் கரியாக விழுந்துவிடும்.

செத்த அன்று காலை, காய்ச்சல், பால் வெட்டப் போக முடியாது என்று உடையப்பன் படுத்திருந்ததையும், கங்காணி வந்து எழுப்பிக்கொண்டு போனதையும், சாயங்காலம் நாலு பேர் சாக்கில் வைத்துத் தூக்கி வந்ததையும் அப்போதுதான் அவள் சொன்னாள்.

முதலாளி தடுத்தும் கேட்காமல் சீனி தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அவளோடு தொழிலாளர் அதிகாரியிடம் போனான். வெள்ளைக்கார அதிகாரி தட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் கவனமாகப் பார்த்தார். நாலாம் நாள் விசாரணை வைத்தார். தோட்டத்து டாக்டர் வந்திருந்தார். அவர் வீரம்மாவை ஒன்றுதான் கேட்டார்: குளிப்பாட்டும்போது மஞ்சள் பூசினாயா? பூசினேன் என்றாள். பிறகு சீனியின் பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்:

"மஞ்சள் இந்தத் தட்டில் கறுப்பாக விழுமா என்று துவான் டாக்டர் கேட்கிறார்."

சீனி, "விழும்" என்றான்.

விரலால் பூசிய மஞ்சள் இப்படி இரட்டைக் கோடாக விழாது, இது அடி, என் உடம்பிலேயே பார்த்திருக்கிறேன் என்று அவசர அவசரமாகச் சொன்னான். பெண்ணுக்கு ஒரு விரல்தானா இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். யாரோ சிரித்தார்கள். உடலைத் தோண்டிப் பார்ப்பதைப் பற்றி அதிகாரி யோசித்தார். புதைத்து அஞ்சு நாளாகிவிட்டது, இந்த வெக்கையில் தோல் என்று ஒன்று மிஞ்சியிருக்காது என்றார் டாக்டர். காய்ச்சலால் வந்த சாவு என்றே முடிந்தது. தட்டைக் கோப்போடு வைத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் வீரம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். நகக் கண்களில் மஞ்சள் இன்னும் இருந்தது.

"விழாதுன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றான் சீனி.

"சொன்னா மட்டும் நம்பியிருப்பானுங்களா? விடுங்கண்ணே."

அந்த வாரமே அவள் பேரைத் தோட்டத்தில் வெட்டினார்கள். லயத்து அறையையும் காலி செய்யச் சொன்னார்கள். நைனா முகம்மது சீனியைக் கூப்பிட்டு, உன்னை வேலையை விட்டு நிறுத்தும்படி தோட்டத்தில் இருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள், எனக்கு வேறு வழியில்லை என்றார். தன் பழைய கோட்டு ஒன்றைக் கொடுத்தார். சீனி அதை வாங்கவில்லை.

பாரிட் புந்தாரில் நெல் அறுக்கும் கூட்டத்தோடு போவதாக, சீனி கடையை விட்டுக் கிளம்புமுன் வீரம்மா சொல்லிக்கொள்ள வந்தாள். தட்டு போய்விட்டதால் அந்த ஒரே அச்சுதான் மிச்சம். அதை அவனிடம் நீட்டினாள்.

"கழுத்துக்கு மேல வெட்டிக் குடுங்க. கெழவி இத வேற பாத்துச் சாவணுமா?"

சீனி கத்திரியை எடுத்து நேராக வெட்டினான். உடையப்பனின் முகம் தூங்குகிறவன் முகம் போலத்தான் இருந்தது. அதை உறையில் போட்டு முசிறி விலாசம் எழுதிக் கொடுத்தான். மற்றத் துண்டை என்ன செய்வது என்று கேட்டான்.

அவள் அதை வாங்கி, மார்பில் இருந்த கோடுகளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து, மடியில் செருகிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தாள்.