பெட்டிக்காரர் குடியேறிய வீடு

முப்பது வீடுகளுக்கான ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னர், பால் சங்கத் தலைவி ஒரேயொரு நிபந்தனை விதித்தார். வீட்டை வடிவமைத்தவர் தம் குடும்பத்தோடு அதில் ஏழு நாள் குடியிருக்க வேண்டும். எட்டாம் நாள் காலையில் சங்கம் கூடி முடிவு சொல்லும். அச்சங்கத்தில் புதிதாகப் பசு வாங்குவோர் ஏழு நாள் கறந்து பார்த்த பின்னரே சம்மதம் சொல்வார்கள். பசுவுக்குள்ள விதி வீட்டுக்கும் உண்டு என்பது தலைவியின் தீர்ப்பு.

கட்டடக்கலைஞர் மறுபேச்சின்றித் தலையாட்டினார். வேறு வழியும் அவருக்கு இல்லை. அறை அறையாகப் பட்டறையில் செய்து, லாரியில் ஏற்றிவந்து, தளத்தில் பூட்டும் சிறு வீடுகளுக்காக அவர் ஆறாண்டுகளைச் செலவிட்டிருந்தார். இதுவரை மூன்று ஊர்கள் அவற்றைப் பார்த்திருந்தன. முதல் ஊர் கடிதம் எழுதி மறுத்தது. இரண்டாம் ஊர் கடிதம் எழுதாமலே மறுத்தது. மூன்றாம் ஊர் மாதிரி வீட்டை நன்றியுடன் பெற்றுக்கொண்டு, அதற்குள் வைக்கோலை அடுக்கியது. இந்த ஊரும் கைவிரித்தால், அலுவலகத்தை மூடிவிட்டு மைத்துனருடைய நிறுவனத்தில் வாகன நிறுத்துமிடங்கள் வரையப் போக வேண்டியதுதான். மைத்துனர் நாற்காலியைக்கூட வாங்கிப் போட்டுவிட்டார்.

முதல் நாள், ஊரே திரண்டு நிற்க, அவர் கையுறை அணிந்து தாமே களமிறங்கினார். படுக்கையறை, கூடம், சமையலறை என மூன்று பெட்டிகள். அழுத்திய வைக்கோல் பலகையாலான சுவர்கள். ஓர் அறையைத் தூக்க எட்டுப் பேர் போதும். "எந்த அறையையும் எந்தப் பக்கத்திலும் பொருத்தலாம். முன்பின் என்பதே இதற்குக் கிடையாது. ஆகவே, தவறாகப் பூட்டுவது இயலாத காரியம்!" என்று அவர் முழங்கினார். முழங்கிக்கொண்டே சமையலறையைத் தலைமாற்றிப் பூட்டினார்.

அன்று மாலை மாமியார் விறகடுப்பை மூட்டினார். உலைநீர் ஆவி விடுவதற்குள், கூடத்தில் எதிரெதிரே அமர்ந்திருந்த கணவனும் மனைவியும் ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறைந்தனர்.

"மாப்பிள்ளை, இது புகை போற வீடா, இல்ல புகை தங்குற வீடா?" என்று உள்ளிருந்து இருமலோடு குரல் வந்தது.

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும் அத்தை. அடுப்பு பழகணும்."

"அடுப்பு பழகுறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன் போலிருக்கே."

மறுநாள் மாலையில்தான் அவருக்கு உண்மை விளங்கியது. சமையலறைச் சன்னல் வழியே சூரியன் மறைவதைக் கண்டு, நல்ல காட்சி என்று அவர் வியந்து நின்றார். வியப்பு அடங்கும் முன்னே வரைபடத்தை எடுத்து விரித்தார். அவர் வரைந்த படத்தில் அந்தச் சன்னல் கிழக்கில் இருந்தது. அவ்வூரிலோ ஆண்டில் பாதி நாள் மேற்கிலிருந்தே காற்று வீசும். காற்று சன்னல் வழியே நுழைந்து, அடுப்புப் புகையைத் திரட்டி, நேரே கூடத்துக்கு அனுப்பிவைத்தது.

இரகசியமாகத் திருப்பிவிடலாம் என்றால், எட்டுப் பேரை எங்கே தேடுவது? ஊரார்தாம் வர வேண்டும். ஆகவே அவர் சப்பைக்கட்டு கட்டத் துணிந்தார். பால் ஊற்றிவிட்டுத் திரும்பும் பெண்கள் நாள்தோறும் எட்டிப் பார்த்துப் புகையைப் பற்றி வினவினர். "வைக்கோல் பலகையில் பூச்சி அண்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு" என்று ஒரு நாள் கூறினார். அடுத்த நாள் "குளிர்காலத்தில் இதன் அருமை தெரியும்" என்றார். அவர்கள் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டு, தெருமுனை திரும்பியதும் கொல்லெனச் சிரித்தனர். நம் விளக்கத்தில் அவ்வளவு நகைச்சுவை இருந்ததா என்று அவர் யோசித்தார். அவருக்குப் 'பெட்டிக்காரர்' என்று பெயர் சூட்டியிருந்ததும் அவர்களே.

ஏழாம் நாள் மாலை, மனைவி சிவந்த கண்களைத் துடைத்தபடி சொன்னாள்: "ஏங்க, நாளைக்காவது உண்மையச் சொல்லிடுங்க."

"சொன்னா கையெழுத்துப் போட மாட்டாங்க."

"சொல்லாட்டி? அவங்களுக்கென்ன மூக்கு இல்லையா?"

எட்டாம் நாள் காலை வாசலில் சங்கம் கூடியது. காற்றோட்டக் கோட்பாடு குறித்துப் பத்து நிமிட உரையொன்றை அவர் மனப்பாடம் செய்திருந்தார். எழுந்து தொண்டையைக் கனைத்தவர் நிஜமாகவே இருமத் தொடங்கிவிட்டார். இருமி முடித்தபோது உரை முழுவதும் மறந்துபோயிருந்தது. எஞ்சியதைச் சொன்னார்.

"சமையலறையைத் தலைமாத்திப் பூட்டிட்டேன். சன்னல் அந்தப் பக்கம் இருக்கணும். தப்பு என்னோடது, வீட்டோடது இல்ல."

வாசலே சிரிப்பில் குலுங்கிற்று.

"அது முதல் நாளே தெரியும்" என்றார் தலைவி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "புகை எந்தப் பக்கம் போகுதுன்னு எங்களுக்குத் தெரியாதா? நீங்க எப்ப வாயத் திறப்பீங்கன்னுதான் காத்துக்கிட்டு இருந்தோம். மூணாம் நாள் சொல்லுவீங்கன்னு நான் நெனச்சேன். ரொம்பத் தாங்குறீங்க."

"உங்க அத்தைதான் பாவம்" என்றார் பின்வரிசைப் பெண் ஒருவர்.

"சரி, திருப்பி வச்சுப் பாத்துட்டு முடிவு சொல்றோம். ஸ்பானர எங்ககிட்டக் குடுங்க. நீங்க தொடக் கூடாது, பேசவும் கூடாது."

எட்டுப் பெண்கள் பன்னிரண்டு போல்ட்டுகளைக் கழற்றினர். இணைப்பிலிருந்த ரப்பர் பட்டை உரிந்து தொங்கியது. அறையைத் தூக்கிப் பாதி தூரம் நகர்த்திச் சன்னலைக் கிழக்கே திருப்பியதும், மூச்சு வாங்க அங்கேயே இறக்கினர். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே ஒரு சந்து உண்டாயிற்று. இருபுறச் சுவர்களும் நிழல் தந்தன; மேற்குக் காற்று தடையின்றி ஓடியது. அவர்கள் அங்கேயே உட்கார்ந்தனர். ஒருத்தி பால் கேனை நிழலுக்குள் நகர்த்தினாள். ஐந்து நிமிடமாயிற்று, பத்து நிமிடமாயிற்று. எழுந்திருக்கும் அறிகுறி எவரிடமும் தென்படவில்லை.

"இது இப்படியே இருக்கட்டும்" என்றார் தலைவி.

கட்டடக்கலைஞர் பேசக் கூடாது என்பதை மறந்தார். "அதெப்படிம்மா! இந்த இணைப்புதான் மொத்த வீட்டோட உயிர்! நாலு வருஷம் ஆராய்ச்சி பண்ணினேன். தண்ணித் தொட்டியில மூழ்கடிச்சுப் பாத்தோம், ஒரு சொட்டு உள்ள வரல. இதுக்குப் பதக்கம் குடுத்திருக்காங்க!"

"எங்க வீடு எதுக்குங்க தண்ணித் தொட்டியில மூழ்கப் போகுது?"

"மழை..."

"மேல ஒரு தகரம் போட்டாப் போச்சு. விறகு நனையாது, கேன் கழுவலாம், கன்னுக்குட்டியக் கட்டலாம், புகை இந்தப் பக்கமே வராது. இப்படின்னா முப்பது வீட்டுக்கும் இப்பவே கையெழுத்துப் போடறோம். ஒட்டித்தான் வைப்பேன்னா, லாரிய வரச் சொல்லுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவியோ தொங்கிக்கொண்டிருந்த ரப்பர் பட்டையைப் பார்த்தாள். நான்காண்டுகளில் தன்னைவிட அதற்கே அதிக நேரம் கிடைத்தது என்பதை அவள் அறிவாள். பட்டையை உருவி, அழகாகச் சுருட்டிக் கணவர் கையில் கொடுத்தாள்.

தம் வாழ்நாள் சாதனை இவ்வளவு சிறிய சுருளாக அடங்கும் என்று அவர் எண்ணியதில்லை. பதக்கமளித்த அறிஞர்களில் ஒருவரேனும் விறகடுப்பின்முன் அமர்ந்ததுண்டா என்று யோசித்தார். தாம் அமர்ந்ததுண்டா என்ற கேள்வி அடுத்து வருவதற்குள், அவசரமாக அதை மென்று விழுங்கினார்.

"சரிம்மா. இப்படியே செய்யலாம்" என்றார். "ஆனா, இடைவெளி எத்தனை அடின்னு சொல்லணும். படம் வரையணும்."

அதன்பின் சங்கம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு எட்டு நடக்கும் தூரம் போதும் என்றனர் சிலர். கன்றுக்குட்டி வளராதா, மூன்று எட்டு வேண்டும் என்றனர் மற்றவர்.

வாதம் முற்றுவதற்குள், ஏழு நாளாகக் கண்மூடாத மாமியார் ஒரு பாயைக் கொண்டுவந்து சந்தின் குறுக்கே விரித்துப் படுத்துவிட்டார். தலை கூடத்துச் சுவரை முட்டியது, முழங்கால் மடங்கியிருந்தது.

"கால நீட்டணும் மாப்பிள்ளை. அந்தப் பெட்டிய இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."

எட்டுப் பெண்களும் எழுந்து தள்ளினர். மாமியார் காலை நீட்டினார். அடுத்த நிமிடமே குறட்டை கேட்டது. கட்டடக்கலைஞர் அவரை எழுப்பிவிடாமல் மண்டியிட்டு, சுவருக்குச் சுவர் அளவுநாடாவைப் பிடித்து, எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டார்.